முப்பத்தொன்றில் ஒன்பது

பாதுகாப்பு அதிகாரி காலை பத்தரை மணிக்கு போன் செய்தது குறை சொல்ல அல்ல, பாராட்டத்தான்.

“உங்க ப்ரோகிராம் தங்கம்மா, தங்கம்,” என்றார். “விதிக் கோப்பையே தலைகீழா மாத்தி எழுதியிருக்கேன். புதுசா வாங்கின கருவிங்களுக்கெல்லாம் நடுவுல ஒரு கோடு போட்டு, தொட்டி-ஏழு, தொட்டி-எட்டுன்னு பேர் வச்சேன். எங்கயாவது முரண்டு பிடிக்கும்னு நெனச்சேன். சோதிச்சுப் பாத்தா ஒரு தப்பு சொல்லணுமே! கப்சிப்.”

அவள் சிரித்து, நன்றி சொல்லி, போனை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. பெயருக்கு நடுவில் கோடு வரலாம் என்று அவள் எங்கேயும் எழுதியதில்லை. எழுத்தும் எண்ணும் மட்டும்தான். அந்தக் கோட்டைக் கண்டதும் அவள் எழுதிய நிரல் கத்தியிருக்க வேண்டும்.

அந்த ரசாயனத் தொழிற்சாலையின் மாடியில், கருவிகள் பிரிவில், அவளுக்கு இது ஐந்தாவது வருடம். வேலை காலியாக இருக்கிறது என்று சேதி கொண்டுவந்தவர் அக்கா புருஷன். அவர் கீழே தொட்டிக் களத்தில் பம்ப் மெக்கானிக். “மச்சினி, நீ மேல உக்காந்து தட்டுற தட்டுலதான் கீழ எங்க மூச்சு ஓடுது, பாத்துத் தட்டு,” என்று சாப்பாட்டு மேசையில் கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள். அந்தக் கிண்டலில் பாதி உண்மை. களத்துக் காற்றில் நச்சுவாயு ஏறுகிறதா என்று கருவிகள் நொடிக்கு நொடி அளந்து சொல்லும். எந்த அளவு வந்தால் மணி அடிக்க வேண்டும், எந்தக் குழாயை மூட வேண்டும் என்ற விதிகளைப் பாதுகாப்பு அதிகாரி ஒரு கோப்பில் எழுதி வைப்பார். அதைப் படித்துப் புரிந்துகொண்டு காவல் காப்பது அவள் எழுதிய நிரல்.

படிக்கிற பகுதியை மட்டும் அவள் கையால் எழுதவில்லை. அதற்கென்றே பார்சர் ஜெனரேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. விதிகளின் இலக்கணத்தைக் கொடுத்தால், அதைப் படிக்கத் தெரிந்த நிரலை, அதாவது பார்சரை, தானே எழுதிக் கொடுத்துவிடும். பதிலுக்கு நம்மிடம் இரண்டே இரண்டு கேட்கும். ஒன்று, நிரலைத் தொடக்கி வைக்கும் பகுதி. இன்னொன்று, இலக்கணம் பிசகினால் யாரிடம் எப்படிச் சொல்வது என்கிற பகுதி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நகராது.

அவள் ஐந்து வருடத்துப் பழைய கோப்பைத் திறந்தாள். பிழை சொல்ல வேண்டிய பகுதிக்கு வந்தாள். ஒரு திறக்கும் அடைப்புக்குறி, ஒரு மூடும் அடைப்புக்குறி. நடுவில் ஒன்றுமில்லை. மேலே அவளுடைய வார்த்தையிலேயே ஒரு குறிப்பு: ‘இப்போதைக்கு. பிறகு எழுத வேண்டும்.’

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று மணிக்கு மேலதிகாரிகளுக்கு நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டே முக்காலுக்கு, பிழை சொல்லும் பகுதி எங்கே என்று ஜெனரேட்டர் அடம்பிடித்தது. வாயை அடைக்க ஒரு வெற்றுப் பகுதியை எழுதிப் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை.

இன்னொரு வினையும் அவளே வைத்ததுதான். ஒரு விதி புரியவில்லை என்பதற்காகக் காவலே நின்றுவிடக் கூடாது என்று, பிசகு வந்தால் அடுத்த முற்றுப்புள்ளி வரை தாண்டிவிட்டு மேலே படி என்று இலக்கணத்தில் சொல்லியிருந்தாள். அப்படித் தாண்டி முடித்தாலும் பார்சர் கடைசியில் ‘நல்லபடியாக முடிந்தது’ என்றுதான் தகவல் சொல்லும். தொடக்கப் பகுதி அதை நம்பிக் காவலுக்குக் கிளம்பிவிடும். எத்தனை விதியைத் தாண்டியது என்று கேட்க நாதியில்லை.

ஏழு வரி எழுதினாள். ஐந்து வருடம் முன்பு எழுதியிருக்க வேண்டிய ஏழு வரி. புதிய விதிக் கோப்பின் பிரதியைத் தன் கணினியில் கொடுத்து ஓட்டினாள்.

வரி 4, பிழை. வரி 7, பிழை. வரி 9, பிழை. திரை மேலே போய்க்கொண்டே இருந்தது. நின்றதும் எண்ணினாள். முப்பத்தொரு விதிகளில் நிரலுக்குப் புரிந்தவை ஒன்பது. அந்த ஒன்பதும் அலுவலக அறைகளின் புகைக் கருவிகளுக்கானவை. களத்துக்கென்று ஒரு விதிகூட இல்லை.

நல்லவேளை, நேரம் இருந்தது. நிரல் தொடங்கும்போது மட்டும்தான் கோப்பைப் படிக்கும். கட்டுப்பாட்டு அறையில் ஓடிக்கொண்டிருப்பது பதினான்கு மாதமாக நிற்காமல் ஓடுவது. பழைய விதிகள் அதற்கு மனப்பாடம். மதியம் இரண்டு மணிக்கு மின் இணைப்பை மாற்றுவார்கள். அப்போதுதான் பழைய கருவிகள் போய்ப் புதியவை வரும், நிரலும் மறுபடி தொடங்கும். மணி பதினொன்று நாற்பது. அதிகாரியைக் கூப்பிட போனை எடுத்தாள்.

விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மின் பணியாளர்கள் வேனில் ஏணியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டால் நிம்மதி என்று சீக்கிரமே வந்து இணைப்பை மாற்றிவிட்டார்கள் போல.

அவள் படியில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்றது. அதை எடுக்க நிற்கவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அன்று பணியில் இருந்தவரை எல்லாரும் ‘பூதக்கண்ணாடி’ என்பார்கள். கண்ணாடி அவ்வளவு தடிமன். நிதானமான மனுஷர். அவருக்கு முன்னால் திரையில் பச்சை எழுத்து: ‘விதிகள் ஏற்கப்பட்டன. காவல் தொடங்கியது.’

“என்னம்மா ஒத்தச் செருப்போட?”

“அண்ணே, களத்துல யார் யாரு இருக்காங்க?”

“ஏழாம் தொட்டிப் பள்ளத்துல பம்ப் கழட்டுறாங்க. உங்க அத்தானும் ஒட்டகமும்.”

ஒட்டகம் என்பது அத்தானின் ஜோடி. ஆள் ஆறரை அடி. அவன் உள்ளே இறங்குவான், அத்தான் மேலே நின்று இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பார். எப்போதும் அப்படித்தான்.

அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். தொட்டி-ஏழு என்ற பெயருக்கு எதிரே நச்சுவாயுவின் அளவு, இருபத்தாறு என்று ஓர் எண். இருபதில் மணி அடித்திருக்க வேண்டும். அவள் பார்க்கும்போதே அது இருபத்தெட்டானது.

“நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்,” என்றார் பூதக்கண்ணாடி. “ஏறுது. புதுக் கருவி இல்ல, கொஞ்சம் தாறுமாறாத்தான் காட்டும். நெசமா இருந்தா மணி அடிக்குமே?”

“அடிக்காதுண்ணே. அதுக்கு அடிக்கத் தெரியாது. கைமணிய அடிங்க!”

“மேல கேக்காம அடிச்சா வேலைய நிறுத்தணும், ஆளுங்களை வெளியேத்தணும். என் சீட்டக் கிழிச்சிருவாங்கம்மா. இரு, ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு…”

திரையில் எண் முப்பத்தொன்று.

சுவரில் சிவப்புப் பெட்டிக்குள் கைமணிப் பொத்தான் இருந்தது. அவள் மேசை மேலிருந்த இரும்பு பேப்பர் வெயிட்டை எடுத்துக் கண்ணாடியை உடைத்தாள். பொத்தானை அழுத்திய விரலை, மணிச் சத்தம் காதைத் துளைத்த பிறகும், எடுக்கவில்லை. மணிக்கட்டில் ரத்தம் வழிந்ததைப் பூதக்கண்ணாடிதான் முதலில் பார்த்தார்.

மணி கேட்ட நொடியில் அத்தான் கயிற்றை இழுத்தார். பதில் இழுப்பு வரவில்லை. கனமாக, மூட்டை போல வந்தது. பக்கத்துத் தொட்டியில் இருந்தவர்கள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். ஒட்டகம் மேலே வரும்போது முகம் நீலம் பாரித்திருந்தது. அத்தானுக்கு நெஞ்சு எரிந்து, குரல் போய்விட்டது. ஒட்டகம் கண் திறக்கப் பதினோரு நாள் ஆயிற்று. பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை நடுக்கம் கடைசிவரை நிற்கவில்லை. அதன் பிறகு அவன் ஸ்பேனரைத் தொட்டதில்லை.

விசாரணை நான்காம் நாள். அதற்கு முந்தின சாயங்காலம் அவள் வீட்டில், தன் தப்பை அங்கே ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது அக்கா வெடித்தாள்.

“உன்னை யாராவது கேட்டாங்களா? இல்லையே. கோடு போட்டுப் பேர் வச்சது அந்த ஆளு. நீதான் மணி அடிச்சு ரெண்டு உசுரக் காப்பாத்துனன்னு ஊரே சொல்லுது. அப்புறம் எதுக்கு நீயாப் போய்க் கழுத்த நீட்டுற?”

அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வராத குரலில், “ஒட்டகம் இன்னும் கண்ண முழிக்கல,” என்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவளைக் கிண்டல் செய்யவும் இல்லை. அதுதான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது.

மறுநாள் நீள மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்க வந்த மூன்று பேர். இந்தப் பக்கம் பாதுகாப்பு அதிகாரி, வேட்டை நாய்களுக்கு நடுவில் மாட்டிய முயல் போல; அவருக்குப் பக்கத்தில் அவள்.

“பேருக்கு நடுவுல எழுத்தும் எண்ணும் தவிர வேற எதுவும் வரக்கூடாதுன்னு கையேட்டுல ஒன்பதாம் பக்கம் இருக்கு. படிக்கலையா?” என்று கேட்டார் தலைமை வகித்த அம்மாள்.

“படிக்கல, தப்புதான்,” என்றார் அவர். “ஆனா சோதிச்சுப் பாத்தேங்க. ஒரு தப்பும் காட்டல.” மூன்றாம் முறையாக அதையே சொன்னார். நான்காம் முறை சொல்ல வாய் திறந்தபோது அவள் எழுந்துவிட்டாள்.

“அவர் சோதிச்சது நெசம். காட்டாதது என்னோட தப்பு. தப்பைச் சொல்ற இடத்தை நான் காலியா விட்டிருந்தேன்.” மூன்று மணிக் கைதட்டல் வரை ஒளிக்காமல் சொன்னாள். அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. கோபமும் இல்லை. பாராட்டி போன் செய்த காலையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பேனாவை மூடினார். பிறகு மறுபடி திறந்தார்.

“இந்த ப்ரோகிராம் இங்க மட்டும்தான் ஓடுதா?”

கேள்வி அவள் காதில் விழுந்தது. உள்ளே இறங்க ஒரு கணம் பிடித்தது. மூன்று வருடம் முன்பு நிறுவனத்தின் மற்ற ஆலைகள் கேட்டபோது, பெருமை பிடிபடாமல், அவளே பிரதி எடுத்து அனுப்பியிருந்தாள்.

“இன்னும் நாலு இடத்துல ஓடுது,” என்றாள்.

அதிகாரிதான் முதலில் போனைத் தன் பக்கம் இழுத்தார். முதல் ஆலையில் நிரலை நிறுத்திக் கையால் காவல் காக்க ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதில் ஓடிக்கொண்டிருப்பதைத் தொடவே மாட்டோம் என்றார்கள். மூன்றாவதில் போன வாரம் விதிகளை மாற்றி எழுதியிருந்தார்கள், நிரலை இன்னும் மறுபடி தொடங்கவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான்காவது ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேலை நாள், முற்பகல். அந்த அறை ஒரு நிமிஷம்கூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

மறுபடி போட்டார். காவல் வாயிலுக்குப் போட்டார். அங்கேயும் எடுக்கவில்லை.

“கார்ல எவ்வளவு நேரம்?” என்றாள் அவள்.

“ஒண்ணே கால் மணி,” என்றார் அவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தபடி. “வா.”

தலைமை வகித்த அம்மாள் அவர்களைத் தடுக்கவில்லை. போனைத் தன் பக்கம் இழுத்து, அதே எண்ணை மறுபடி அழுத்தத் தொடங்கினார்.