தகடு கட்டிய சாவி

காரை இழுத்துப்போக ஒன்பதரைக்கு லாரி வருகிறது. அதற்குள் இது கிளம்பாவிட்டால் காமினியின் பட்டர்வொர்த் வேலை அம்போதான். நாளை திங்கட்கிழமை, முதல் நாள். காலை ஆறு மணிக்கெல்லாம் அவள் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஃபெரி கிடையாது, பாலத்தில் போகும் பஸ்ஸை நம்ப முடியாது. நான்கு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. அதற்காகவே அவள் பெயரில் வாங்கிய பழைய கார் இது.

அவள் கணவன் புவனேஸ்வரனுக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும். கார்தான் அவனை மதிப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது படுத்துக்கொண்டபோது பேட்டரி என்றான். புது பேட்டரி போட்டும் ஓடவில்லை. உடனே, "ராசியில்லாத கெரெத்தா லா, இந்தக் காரைத் தள்ளிவிட்டுடலாம்" என்று பழைய கார் வியாபாரி சந்திரசேகரனுக்குப் போன் போட்டுவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நல்ல மனுஷன்!

அடுக்குமாடியின் கீழே காமினி காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒரு கணம் உறுமி அடங்கியது. பூட்டுப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் படபடவென்று மின்னியது.

"என்னாங்க, இது ஏன் மின்னுது?"

"கள்ளனை மிரட்ட. எப்பவும் அப்படித்தான்" என்றான் புவனேஸ்வரன் வெளியே நின்றபடி.

"பூட்டி வச்சா மெதுவா மின்னும். சாவி போட்டா அணைஞ்சிடும். இப்ப வேகமா மின்னுதே?"

"உனக்கு என்னா தெரியும்?"

சுருக்கென்றது அவளுக்கு. தெரியாதுதான், தெரிந்துகொண்டால் போச்சு! காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்து விரல் வைத்துப் படித்தாள். சாவித் தலைக்குள் சின்னதாக ஒரு சில்லு இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கார் சொந்தக்காரரை அடையாளம் காணும். உலோகம் எதுவும் அதை மறைத்தால் விளக்கு வேகமாக மின்னும், என்ஜின் நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர் திருடர் என்று கணக்கு.

காமினி சாவியைப் பார்த்தாள். தலை முழுக்கச் செப்புத் தகடு, அதன்மேல் மஞ்சள் நூல். கார் களவு போகக்கூடாது என்று வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் புவனேஸ்வரன் தன் கையாலேயே சுற்றியது! அன்றைக்குத்தானே கார் படுத்தது?

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஐயோ, சாமித் தகடு!" என்று அவன் பதறினான்.

அதே நேரம் லாரி உள்ளே நுழைந்தது. சந்திரசேகரன் இறங்கிக் கொக்கியை இழுத்துக்கொண்டு வந்தார். காமினி தகட்டைக் கண்ணில் ஒற்றிக் கணவன் கையில் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. என்ஜின் பிடித்துக்கொண்டது, நிற்கவேயில்லை. அவள் ஆக்ஸிலேட்டரை ஆசைதீர அமுக்கினாள். அந்தச் சத்தத்தில் மூன்றாம் மாடி ஜன்னல்கள் திறந்தன. காமினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்னாம்மா, ஓடுற காரை இழுக்கவா கூப்பிட்டீங்க?" என்றார் சந்திரசேகரன்.

"கூப்பிட்டது நான் இல்லண்ணே."

புவனேஸ்வரன் கையிலிருந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப இந்தத் தகடு..."

"ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்குங்க. யாராலயும் காரை எடுக்க முடியல. என்னாலயும்தான்!"

சந்திரசேகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புவனேஸ்வரன் பழக்கதோஷத்தில் ஓட்டுநர் கதவருகே வந்தான்.

"அந்தப் பக்கம் ஏறுங்க" என்றாள் காமினி. "கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ரோட்டுல நாசி கண்டார் சோறு சாப்பிடலாம். நான் ஓட்டுறேன்."

அவன் சுற்றிப் போய் ஏறினான். தகட்டை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினான். சாலைமுனையில் கார் திரும்பியது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் நீ?" என்று கேட்டான்.