பக்கத்து அட்டை

கிளெமின் கைத்துப்பாக்கியை அவருடைய அண்ணன் ரீஜிஸ் ஒரு நாளும் தொட்டதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக, குளிர்காலத்துப் புதன்கிழமைகளில், தீயணைப்பு நிலையத்தின் அடித்தளத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று குறி பார்த்துச் சுட்டு வருகிறார்கள். ஒரே காரில் வருவார்கள், ஒரே குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக்கொள்வார்கள். ஆனால் தம்பியின் துப்பாக்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னால்கூட ரீஜிஸ் பின்வாங்கிவிடுவார்.

“அந்தப் பொம்மைய எங்கிட்ட நீட்டாத. தொட்டா எனக்கு அரிக்கும்.”

ரீஜிஸின் இடுப்பில் இருந்தது அப்பாவின் துப்பாக்கி. ராணுவத்துக்காரர்கள் இரண்டு உலகப் போரிலும் தூக்கித் திரிந்த அந்தப் பழைய நாற்பத்தைந்து காலிபர். அப்பா செத்தபோது அது யாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பியதும் அம்மா இரண்டு பையன்களையும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு காசைச் சுண்டினாள். ரீஜிஸ் தலை கேட்டார். தலையே விழுந்தது. அம்மா காசை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துபோனது. கிளெமுக்கு அது முடியவே இல்லை.

அடுத்த வசந்தத்தில் அவர் கடைத்தெரு இரும்புச் சாமான் கடைக்குப் போய், அதே உருவம், அதே எடை, பிலிப்பைன்ஸில் செய்த நகல் ஒன்றை வாங்கி வந்தார். கடையின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவற்றிலேயே மலிவானது அதுதான். கரி அடுப்புக்குப் பூசுகிற சாயத்தைப் போல ஒரு மங்கல் கறுப்பு. முதல் குளிர்காலம் முழுக்க அதன் தொண்டையில் இரண்டு குண்டுக்கு ஒன்று சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கியது. சுடுகிறவர்கள் வரிசையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

கிளெமும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் மேஜையில் பழைய பத்திரிகையை விரித்து, அதைக் கழற்றிப் போட்டு, தேய்க்க வேண்டிய இடத்தைத் தேய்த்து, மழமழவென்று ஆக்கினார். “உருளைக்கெழங்குல எண்ணெ நாத்தம் அடிக்குது, நானா அதுவா, ஒன்ன முடிவு பண்ணு” என்று அவர் மனைவி நடீன் கத்துவாள். இப்போது நினைத்தால் அந்த எண்ணெய் வாசனைதான் அவருக்கு அந்த வருஷங்களின் வாசனை. நடீனுக்கு அப்போது தலைமுடி செம்பட்டையாக இடுப்புவரை இருந்தது. எஃகு ஆலையில் மூன்று ஷிஃப்டும் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை நிற்க இடம் கேட்டு ஆட்கள் மாடிப்படிவரை காத்திருந்தார்கள்.

தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் அந்த நகல் தட்டைமூக்குக் குண்டையும் விழுங்கப் பழகியது. இதுதான் முக்கியம். தட்டைமூக்குக் குண்டு, காகிதத்தில் துளை போடும் கருவி போல, குறி அட்டையில் வட்டமாகச் சுத்தமாக வெட்டும். அப்பாவின் துப்பாக்கிக்கு அது ஒத்துவராது. அதற்கு உருண்டைமூக்குக் குண்டுதான், அது அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும்.

“அப்பா துப்பாக்கி கண்டதையும் திங்காது” என்பார் ரீஜிஸ். “ஒன்னுது பசிக்குப் பொறந்தது.”

இந்தக் குளிர்காலத்தில்தான் ரீஜிஸின் கண் கெட்டது. பார்வையின் நடுவில் ஏதோ அழுக்கு ஒட்டியது போல் இருக்கிறதாம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. காப்பி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்ப்பதைக் கவனித்துக் கிளெம் கண்டுபிடித்தார். ஜனவரியில் ஒரு நாள் ரீஜிஸ் தன் அட்டையை விட்டுவிட்டு இடது பக்கத்து அட்டையில், அதாவது கிளெமின் அட்டையில், ஒரு குண்டைப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் என்றாவது நடப்பதுதான். அதற்கு அபராதம், அடுத்த வாரம் எல்லோருக்கும் டோனட். ரீஜிஸ் வாங்கி வந்தார், எல்லோரும் கேலி செய்துகொண்டே தின்றார்கள். ஆனால் அதே பருவத்தில் இரண்டாவது தரம் அப்படி ஆனால் ஆள் வரிசையை விட்டு இறங்க வேண்டும். கண் டாக்டர் சரி சொன்னால்தான் திரும்ப ஏறலாம். எந்த டாக்டரும் சரி சொல்லப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அன்று காரில் திரும்பும்போது, மனைவியை இழந்திருந்த ரீஜிஸ் சொன்னார்: “ஜோவன் போனப்புறம் எனக்கு வாரத்துல புதன்கெழம மட்டுந்தான்டா இருக்கு. மத்ததெல்லாம் சும்மா காலண்டர்ல அச்சடிச்சது.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். கிளெமுக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை இல்லையென்றால் அண்ணனோடு பேச அவருக்கும் வேறு நாள் இல்லை. இருவரும் போனில் பேசிக்கொள்கிற ரகம் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தின புதன்தான் பருவத்தின் கடைசி நாள். அன்று கடைசி அட்டையில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு ஒரு முழு ஹாம், உப்பிட்டுப் புகையூட்டிய பன்றித்தொடை, வலைப்பையில் கட்டி மேஜை நடுவில் வைத்திருப்பார்கள். ஜெயித்தவர் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டுச் சுவரில் குத்த வேண்டும். அந்தச் சுவரில் அப்பாவின் அட்டைகள் பழுப்பேறித் தொங்குகின்றன, ரீஜிஸின் அட்டைகளும் உண்டு. கிளெமின் அட்டை ஒன்றுகூடக் கிடையாது. போன வருஷம் நூலிழையில் தவறவிட்டார். இந்த வருஷம் கை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. நகலின் அட்டை ஒன்றாவது அப்பாவின் அட்டைக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது நடீனுக்குக்கூடத் தெரியாது.

கடைசி அட்டை நிதானச் சுற்று. பத்துக் குண்டு, பத்து நிமிஷம்.

“வலது பக்கம் ரெடியா? இடது பக்கம் ரெடியா?” மார்லீனின் குரல் கணீரென்று வந்தது. அவள்தான் வரிசைக்கு எஜமானி. “எல்லாரும் ரெடி. ஆரம்பிங்க.”

ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். கிளெம் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். சுடுவதற்கு முன்னால் தன் அட்டையைத் தொலைநோக்கியில் ஒரு தரம் பார்ப்பது அவர் வழக்கம். குனிந்தார். அட்டையில் ஒரு ஓட்டை இருந்தது. ஓரம் கிழிந்த ஓட்டை.

அவர் இன்னும் ஒரு குண்டும் சுடவில்லை.

வலது பக்கத்தில் ரீஜிஸ் கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்கினார். வெடித்தது. கிளெமின் அட்டையில் இன்னொரு கிழிசல்.

“என்ன கிளெம், தூக்கமா?” என்று பின்னாலிருந்து மார்லீன் கேட்டாள்.

“கண்ணாடி பனி பூத்துப்போச்சு” என்றார் கிளெம்.

கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. கையைத் தூக்கிச் சொன்னால் போதும், மார்லீன் நிறுத்திவிடுவாள், புது அட்டை வரும், ஹாமும் சுவரும் அவருக்கு. ரீஜிஸ் ஓரத்து நாற்காலிக்குப் போய் உட்காருவார். அடுத்த வருஷம் அந்த நாற்காலிக்கும் வரமாட்டார், அவ்வளவு ரோஷக்காரர்.

கிளெம் துப்பாக்கியைத் தூக்கினார். வலது பக்கம் கொஞ்சம் திரும்பி, அண்ணனின் சுத்தமான அட்டையில் முதல் குண்டைப் போட்டார். கறுப்பு வட்டத்தின் நடுவில் அழகாக ஒரு துளை. மீதி ஒன்பதும் அங்கேயே. இந்த நகல் அன்றைக்குச் சுட்டது போல் என்றைக்குமே சுட்டதில்லை. அவருக்கு அழுகையாகவும் வந்தது, பெருமையாகவும் இருந்தது, இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் கை நடுங்க வேண்டும், அதுவும் நடுங்கவில்லை.

தன் அட்டைக்குத் தானே புள்ளி போடக் கூடாது என்பது வழக்கம். சகோதரர்களின் அட்டைகளை எடுத்துக்கொண்ட பல் டாக்டர் தர்மன் வாயைத் திறந்தால் மூடாதவர். மீன்பிடிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஓட்டையெல்லாம் எண்ணி முடித்தார். எண்ணிய பிறகு கதையை நிறுத்திவிட்டார்.

“தொண்ணூத்தெட்டு! ரீஜிஸ்! யோவ், நீ எதைக் குடிச்சிட்டு வந்தே? எனக்கும் கொஞ்சம் ஊத்து.”

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. கிளெமின் அட்டைக்கு ஐம்பத்து மூன்று. யாரோ அவர் தோளைத் தட்டி, “பொம்மைக்குச் சாவி குடுக்க மறந்துட்டியா?” என்றார். கிளெம் பல்லைக் காட்டினார்.

மார்லீன் ஹாமை ரீஜிஸின் கையில் கொடுத்து, அட்டையையும் பேனாவையும் முன்னால் வைத்தாள். “கையெழுத்துப் போடு. ஒங்கப்பா பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கேன்.”

ரீஜிஸ் பேனாவை எடுத்தார். கையெழுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் இடது கையால் அட்டையைத் தடவினார். கட்டைவிரல் ஒரு துளையின் மேல் போனது. நின்றது. அடுத்ததற்குப் போனது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் தடவினார். அங்கே ஒரு கிழிசல்கூட இல்லை. எல்லாம் வட்டமாக, வழுவழுவென்று வெட்டுப்பட்டிருந்தன.

அந்த விரலைக் கிளெம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ரீஜிஸ் பேனாவை மூடினார். “இது என் அட்ட இல்ல” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “அப்பாது இப்படி வெட்டாது. இது அந்தப் பொம்ம சுட்டது.”

அடித்தளத்தைச் சூடாக்கும் கொதிகலன் மட்டும் உறுமியது.

“எனக்குக் கண்ணு தெரியல மார்லீன். கறுப்பா எது தெரிஞ்சுதோ அதைச் சுட்டேன். இவன் அதப் பாத்துட்டு என்னுதச் சுட்டிருக்கான். மடையன்.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. “இனிமே நான் ஏறல.”

மார்லீன் இரண்டு அட்டையையும் விளக்கில் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டுதான் தீர்ப்புச் சொன்னாள். “சட்டப்படி ரெண்டு பேருக்கும் பூஜ்யம். ரெண்டு பேரும் டோனட் வாங்கணும். அடுத்த புள்ளி தர்மனோடது, ஹாம் தர்மனுக்கு.”

“இத நான் தனியாத் தின்னா செரிக்குமா?” என்று தர்மன் கத்தியைத் தேடினார். சற்று நேரத்தில் ஆளுக்கொரு காகிதத் தட்டோடு நின்றார்கள். கடுகுச் சாந்து தீர்ந்துவிட்டது என்று யாரோ சண்டை போட்டார்கள்.

கிளெம் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “அடுத்த பருவத்துல தர்மனுக்குப் பதிலா நீ புள்ளி போடு. அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒன் விரலு போதும்.”

ரீஜிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

ஹாமைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையைத் தம்பியின் பக்கம் நீட்டினார்.

“குடு, பாப்போம்.”

“எத?”

“அதைத்தான்டா.”

கிளெம் நகலை எடுத்து, காலி என்று இரண்டு தரம் பார்த்து, திறந்தபடியே அந்தக் கையில் வைத்தார். ரீஜிஸ் அதை எடை பார்த்தார். பிடியைத் தடவினார். தம்பியின் கட்டைவிரல் தேய்த்து எழுத்துகள் அழிந்துபோன இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

“அப்பாது மாதிரியேதான்டா இருக்கு” என்றார். “முப்பது வருஷம் இத எங்கிட்டக் குடுக்காமலே வச்சிருந்தியே.”

“நீ கேக்கவே இல்லியே” என்றார் கிளெம்.