இல்லாத கால் வலிக்காத தூரம்

செயற்கைக் கால் பறந்து வந்து மீன் குழம்புச் சட்டியில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் குனிந்திருந்ததால் பிரிசில்லாவின் தலை தப்பியது. குழம்பு சுவரெல்லாம் தெறித்து மாதா படத்தின் கண்ணாடியில் வழிந்தது. ஷூவோடு சட்டிக்குள் நட்டுக்கொண்டு நின்ற காலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. கட்டிலில் இருந்த புருஷன் ஆரோக்கியராஜ் ஒற்றைக் காலில் தாவி வந்து, அவள் கொண்டையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். நடுவில் வந்து விழுந்த மகள் இசைவாணிக்கு முன்பல் உடைந்தது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பது காரணம். உப்பு சரியாக இருந்த நாட்களில் வேறு காரணம் இருந்தது.

இது நடந்தது 2008இல், கடலூர் மஞ்சக்குப்பத்தில், பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாளே பிரிசில்லா மகளைச் சிதம்பரத்தில் அக்கா ஜோதி மேரி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். "நீயும் இங்கயே இருந்துடேன்டி" என்றாள் அக்கா. பிரிசில்லா இருக்கவில்லை. ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்டால், தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை, விட்டுவிட்டு வர முடியுமா என்று ஏதாவது சொல்வாள். அவன் பாவம் என்று மட்டும் சொல்ல மாட்டாள். சொன்னால் அவளுக்கே தன்மேல் கோபம் வரும்.

ஆனால் அவன் பாவம்தான். எல்லையில் பட்டாளத்தோடு ரோந்து போனபோது முன்னால் நடந்த சடையப்பன், செஞ்சிப் பக்கத்துப் பையன், கண்ணிவெடியை மிதித்தான். அவன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். பின்னால் வந்த ஆரோக்கியராஜுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. புனேயில் செயற்கைக் கால் பொருத்தி, பென்ஷன் போட்டு, கைகுலுக்கி ரயிலேற்றி விட்டார்கள். கால் வந்ததே தவிர வலி போகவில்லை. இல்லாத காலின் கட்டைவிரல் எரிகிறது என்பான். இல்லாத விரலில் எந்தத் தைலத்தைத் தேய்ப்பது? எரிச்சல் கிளம்பினால் அவன் முகம் ஒரு மாதிரி இறுகும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிரிசில்லா அந்த முகத்தைக் கண்டுகொள்வாள். அதன் பிறகு கைக்குக் கிடைத்தது பறக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் அவள்தான் கிடைப்பாள்.

சைக்கிள் அவன் வாழ்க்கைக்குள் வந்ததும் ஓர் அடிதடியில்தான். ஊனமுற்றோர் பஸ் பாஸ் புதுப்பிக்கும் வரிசையில், யார் முதலில் வந்தது என்று கிள்ளை ஊர்க்காரன் ஒருவனோடு தகராறு. அய்யனார் என்று பெயர். ஊர் ஊராகப் போய்க் கபடி ஆடியவன். பஸ் ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி, எதிரே வந்த லாரிக்கு முழங்கை வரைக்கும் கொடுத்தவன். ஒற்றைக் காலும் ஒற்றைக் கையும் புழுதியில் கட்டிப் புரண்டதை அலுவலகமே படியில் நின்று வேடிக்கை பார்த்ததாம். யாரும் விலக்கிவிடவில்லை. மூச்சு வாங்கி அவர்களே விலகினார்கள். பிறகு உதட்டில் ரத்தத்தோடு டீ குடிக்கும்போது அய்யனார் கேட்டான்.

"இவ்ளோ வெறிய வச்சிக்கினு வூட்ல என்னா மாமா பண்ற? சைக்கிள எடு. நான் ஒத்தக் கையில ஓட்டுறேன். நீ ஒத்தக் கால்ல ஓட்ட மாட்டியா?"

ஓட்டினான். முதலில் விழுந்தான், விழுந்த இடத்தில் இருந்த கல்லைத் திட்டினான், சைக்கிளை உதைத்தான், உதைத்ததில் மறுபடியும் விழுந்தான். செயற்கைப் பாதம் பெடலில் தங்காமல் வழுக்கியது. பஞ்சர் கடையில் கிடந்த பழைய டியூபை நாடாவாகக் கிழித்துப் பாதத்தைப் பெடலோடு கட்டிவிடும் யோசனை அய்யனாருடையது. கட்டும் வேலை பிரிசில்லாவுடையது. நர்ஸ் போட்ட கட்டு, லேசில் அவிழாது. ஆலப்பாக்கம் வரை போய் வந்தார்கள். பிறகு புதுச்சத்திரம். ஒருநாள் சிதம்பரமே போய்த் திரும்பிவிட்டார்கள். அன்று வந்தவன் சோற்றுப் பானையைக் காலி செய்துவிட்டுத் திண்டில் சாய்ந்தான். அவள் செயற்கைக் காலையும் உறையையும் கழற்றினாள். வெட்டுப்பட்ட முனை சிவந்து ரத்தம் கசிந்திருந்தது. துடைத்து மருந்து வைக்கும்போது அவன் மெதுவாகச் சொன்னான்.

"பிரிசி, அது எரியல."

"எது?"

"அந்த வெரலு. ஆலப்பாக்கம் தாண்டுனதுலேருந்து எரியவே இல்ல."

சொல்லிவிட்டு அழுதான். அவளும் அழுதாள். கலியாணமான புதிதில் இருந்த அந்த ஆளை அன்றுதான் திரும்பப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டாள். சிதம்பரம் போய் வந்தால் இரண்டு நாளைக்குக் கை எழாது. புதுச்சத்திரத்தோடு திரும்பினால் விளக்கு வைக்கிற வரைக்கும்தான் தாங்கும். ஐப்பசி மழையில் சைக்கிள் வெளியே போகாத வாரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மற்ற வீட்டுப் பெண்கள் புருஷனைச் சீக்கிரம் வீடு வந்து சேரச் சொல்லிக் கெஞ்சுவார்கள். இவள், "இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டுதான் வாங்களேன்" என்று துரத்தினாள். முனை புண்ணாகி இருந்த நாட்களிலும் பஞ்சை வைத்துக் கட்டி அனுப்பினாள். செய்வது கொடுமை என்று அவளுக்குத் தெரியும். அவன் புண் ஆறிவிடும், தன் மண்டை உடைந்தால் யார் ஒட்டவைப்பது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். நாளாக ஆக அடி குறைந்தது. அப்புறம் நின்றே போனது. நின்று ஒரு வருடம் ஆனபோது அவள் துணிந்து சிதம்பரத்துக்குப் போன் போட்டாள்.

இசைவாணி பத்தாவது பாஸாகியிருந்தாள். ப்ளஸ் ஒன்னுக்குக் கடலூரிலேயே இடம் கிடைக்கும்.

"அப்பா மாறிட்டாருடி. ஒரு வருஷமா கை ஓங்கல. நீ வந்துடு."

"அவரு சொல்றாரா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் மகள்.

பார்ப்பதற்கும் ஒரு நாள் அமைந்தது. புதுச்சேரி சைக்கிள் சங்கம் ஒன்று நீண்ட ஓட்டம் வைத்திருந்தது. கடலூரில் கிளம்பிச் சிதம்பரம், சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம் சுற்றி இருட்டுவதற்குள் கடலூர் வந்துவிட வேண்டும். கைகால் முழுதாக இருப்பவர்களே யோசிக்கும் தூரம். ஆரோக்கியராஜும் அய்யனாரும் பெயர் கொடுத்தார்கள். பிரிசில்லா டி.வி.எஸ். ஃபிஃப்டியில் தண்ணீரும் பழமும் எடுத்துக்கொண்டு பின்னால் போவது என்றும், இசைவாணி பையோடு சிதம்பரம் வண்டிக்கேட்டு நிறுத்தத்தில் நிற்பது என்றும் பேச்சு. அப்பா தாண்டிப் போவதைப் பார்த்த பிறகு, மனது ஒப்பினால், அம்மாவின் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

கிளம்பும்போது பிரிசில்லா இரண்டு காரியம் செய்தாள். தூரம் அதிகமாயிற்றே என்று டியூபை இரட்டையாகச் சுற்றி இறுக்கினாள். தொடையில் உராய்ந்து தோல் கிழியுமே என்று செயற்கைக் காலின் மேல்பட்டையைத் தளர்த்திவிட்டாள். இரண்டும் அக்கறையில் செய்ததுதான்.

வண்டிக்கேட்டுக்கு அவர்கள் நல்ல வேகத்தில் வந்தார்கள். அய்யனார் முன்னால், ஆரோக்கியராஜ் பின்னால். டீக்கடை ஓரம் மஞ்சள் சுடிதாரில் மகள் நிற்பதைப் பிரிசில்லா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். அப்போதுதான் நின்றிருந்த பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்த மினி லாரி அய்யனாரை இடித்தது. டமாரென்று சத்தம். சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போய் விழுந்தான். அய்யனார் குப்புறக் கிடந்தான். தலையிலிருந்து ரத்தம் தாரில் பரவியது.

"சடையா!" என்று ஆரோக்கியராஜ் அலறினான்.

கிடப்பது அய்யனார். கூப்பிடுவது கண்ணிவெடியில் செத்துப்போனவனை.

ஆரோக்கியராஜ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினான். செயற்கைக் கால் உருவிக்கொண்டு பெடலோடேயே தங்கிவிட்டது. ஆள் மட்டும் ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போனான். லாரிக்காரன் ஓடியிருந்தால் தப்பித்திருப்பான். அவன் நல்லவன் போலும், இறங்கி வந்து, "அண்ணே, பாக்கலண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஆரோக்கியராஜ் அவன்மேல் விழுந்து தரையில் சாய்த்தான். கையில் சைக்கிளிலிருந்து உருவிய காற்றடிக்கும் பம்பு இருந்தது. இரும்புப் பம்பு. முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டாவது காதோரம். லாரிக்காரன் முகத்தை மறைத்த கையில் எலும்பு உடைந்த சத்தம் ரோட்டுக்கே கேட்டது. சுற்றிலும் ஜனம் கூடியது. பட்டாளத்தான் முகத்தைப் பார்த்து ஒருவரும் கிட்டே போகவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிய பிரிசில்லா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பியும் பார்க்காமல் பம்பைப் பின்னால் வீசினான். அது அவள் தோள்பட்டையில் இறங்கியது. கண் இருட்ட அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அய்யனார் தவழ்ந்து வந்தான். கண்ணில் ரத்தம் வழிய, இருக்கும் ஒரு கையால் ஆரோக்கியராஜின் இருக்கும் ஒரு காலைக் கணுக்காலில் பிடித்தான். கபடிக்காரன் பிடி. பம்பு அவன் முதுகில் விழுந்தது. அவன் விடவில்லை. மறுபடியும் விழுந்தது. முகத்தை அந்தக் காலிலேயே புதைத்துக்கொண்டு கத்தினான்.

"மாமா, நான் அய்யனாரு! நான் சாவல மாமா! பாரு, சாவல!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. ஆரோக்கியராஜ் குனிந்து பார்த்தான். வெகுதூரத்திலிருந்து வந்தவன் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பம்பு கீழே விழுந்து உருண்டது.

லாரிக்காரனைத் தூக்கிப்போய் டீக்கடை பெஞ்சில் சாய்த்தார்கள். ரத்தத்தோடு எதையோ துப்பினான், பல்லாகத்தான் இருக்கும். யாரோ 108க்குப் போன் போட்டார்கள். அய்யனார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான். ஆரோக்கியராஜ் நடுரோட்டில், காலி கால்சட்டை மடங்கிக் கிடக்க, உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மகளைப் பார்த்தது அப்போதுதான். இசைவாணி ஓடவில்லை, அழவும் இல்லை. தோளில் பையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். உதட்டை மட்டும் உடைந்த பல்மேல் இறுக்கி மூடியிருந்தாள்.

பிரிசில்லா எழுந்தாள். தோள் நெருப்பாக எரிந்தது. அதைவிட, ஒரு வருடம், ஒரு வருடம் என்று தான் போனில் அளந்தது எரிந்தது. ஆனாலும் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது.

"இசை, அது வந்துடி... ரோட்ல நடந்தது வேற, வூடு வேற..."

"பிரிசி." ஆரோக்கியராஜ் கூப்பிட்டான். "அவள வண்டியில ஏத்தாத."

"இன்னிக்கு மட்டும்தான..."

"எனக்குத் தெரியல. எனக்கே தெரியறவரைக்கும் கூட்டியாராத. நீயும் அவகூடவே இரு."

பிரிசில்லாவுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருடத்தில் இந்த மனிதன் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நிஜம் இதுதான். அது இப்படியா வர வேண்டும்! அவள் எதையும் செய்யவில்லை. அடிபட்ட தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இசைவாணி பையைக் கீழே இறக்கினாள். அதைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். கூட்டம் வழிவிட்டது. அப்பாவை நோக்கி வந்தவள் பாதியில் நின்று, அவனுடைய ஒற்றைக் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். குனிந்து, அவன் கை எட்டுகிற தூரத்தில் பாட்டிலை ரோட்டில் வைத்தாள். பிறகு பின்னோக்கி நடந்து, அவன் கை எட்டாத தூரத்தில் போய் நின்றாள்.

அவன் எட்டி எடுத்துப் பாதி குடித்தான். மூடியைத் திருகினான். அவள் வைத்த அதே இடத்தில் பாட்டிலை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான்.