காணாமல் போனவர்களுக்கு நாலு சீட்டு

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மாமா யூசேபியோ சீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, தன் சொந்த ஊருக்குள் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு உள்ளே நான். எங்கள் பழங்குடியின் பழைய ஊரான சான் அம்ப்ரோசியோ இடிபாடுகளின் தற்காலிக வழிகாட்டி. ஆறு மாதச் சோதனைக்காலம் இன்றோடு முடிகிறது. மாலையில் மேலாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் நெடுஞ்சாலைச் சூதாட்ட விடுதியில் தட்டுக் கழுவலாம்.

வருடத்தில் ஒரு காலை எங்கள் ஆண்கள் நால்வர் இங்கே வந்து கிவாவுக்குள் ஏணி வழியே இறங்குவார்கள். தரைக்கடியில் இருக்கும் வட்டமான அறை அது. உள்ளே என்ன செய்வார்கள் என்பதை வெளியாரிடம் சொல்வதில்லை. எனக்கே கொஞ்சம்தான் தெரியும். அதையும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உச்சிப்பொழுதுக்குள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய மேலாளர் அன்று கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். புதியவர் டக்ளஸ் வெர்னன் எங்களை மிகவும் மதிப்பவர். ஆகவே படிவம் ஒன்று தயாரித்திருந்தார். ஆறு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம்: ‘சடங்கின் நோக்கத்தையும் முறையையும் விவரிக்கவும்.’

ஒலிபெருக்கி உண்டா என்ற கேள்விக்கு மாமா ‘இல்லை’ என்று அழகாக எழுதியிருந்தார். பெரிய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

“மூணு வரி போதுங்க,” என்றார் வெர்னன். “பிரார்த்தனைன்னு எழுதுங்களேன்.”

“பிரார்த்தனைன்னு யார் சொன்னது?”

“அப்ப என்ன அது?”

“நீங்க சர்ச்சுல மண்டி போட்டு என்ன கேப்பீங்களோ அத எழுதிக் குடுங்க. அதப் பாத்து நானும் எழுதுறேன்.”

வெர்னன் சிரித்தார், மதிப்பாக. “கட்டம் காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. என் கையில எதுவுமே இல்ல.”

கையில் பேனா இருந்தது.

அவர் உள்ளே போனதும் மாமா குனிந்து எங்கள் மொழியில் கேட்டார். “ஏ லொரிண்டா, சுத்திப் பாக்க வர்றவனுக்கும் படிவம் உண்டா?”

“இல்ல மாமா. சீட்டு மட்டும்தான்.”

“அப்ப நாலு குடு. கிழவனுக்குப் பாதி விலையாமே?”

“அறுபது தாண்டியிருக்கணும்.”

“நானூறு தாண்டியாச்சுன்னு போட்டுக்க.”

பதினோரு மணிச் சுற்றில் ஒஹாயோவிலிருந்து வந்த ஏழு பேர். அவர்களுக்குப் பின்னால் எங்கள் நால்வர். எல்லோருக்கும் பின்னால் வெர்னன், அட்டையில் செருகிய தாளோடு. என்னுடைய கடைசி மதிப்பீடு. நான் பேச வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு சொல் மாறக்கூடாது.

பழைய தேவாலயத்தின் மொட்டைச் சுவரருகே நின்று ஒப்பித்தேன். “ஆறடிக் கனமுள்ள இந்தச் சுவர்களை நானூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியவர் பாதிரியார் பால்தசார்.”

“ஒத்தை ஆளாவா?” என்றார் மாமா. “நல்ல தெம்புதான்.”

“உள்ளூர் மக்கள் ஆர்வத்தோடு ஒத்துழைத்தார்கள்.”

“அந்த ஆர்வத்துலதான் அப்புறம் அவர அடிச்சு வெரட்டுனமா?”

“சும்மா இருடா,” என்றார் முழங்கால் வலிக்காரரான செவெரோ. “அது அடுத்த பக்கத்துல வரும்.”

அடுத்த பக்கத்தில் அது வராது. அடுத்த பக்கத்தில் இருந்தது இதுதான்: “பின்னர் ஒருநாள் இம்மக்கள் மர்மமான முறையில் மறைந்துபோனார்கள்.”

ஒஹாயோ அம்மாள் ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ பாவம், எங்க போயிருப்பாங்க?”

“பன்னெண்டு மைல்மா,” என்றார் மாமா. “கீழ பெட்ரோல் பங்க் தாண்டி இடது கைப்பக்கம். சனிக்கெழம ரொட்டி விப்போம்.”

ஏழு பேரும் சிரித்தார்கள். வெர்னன் எதையோ குறித்துக்கொண்டார்.

கிவாவுக்கு வந்தபோது பதினொன்றே முக்கால். ஏணியின் தலையைச் சுற்றி இடுப்புயரத்தில் கயிறு. “பாதுகாப்புக் கருதி உள்ளே அனுமதி இல்லை. அடுத்து நாம் பார்க்கப்போவது நினைவுப்பொருள் கடை.”

ஏழு பேர் நகர்ந்தார்கள். நால்வர் நகரவில்லை.

மாமா தொப்பியைக் கழற்றினார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் வேடிக்கை பேசவில்லை. சட்டைக்குள்ளிருந்து சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அதற்கான வாக்கியம் தயாராகவே இருந்தது.

காலடியில் நிழல் சுருங்கிக்கொண்டிருந்தது.

கயிற்றின் கொக்கியைக் கழற்றினேன்.

நால்வரும் இறங்கினார்கள். செவெரோ கடைசியாக, ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே. ஒஹாயோக்காரர் ஒருவர் திரும்பி வந்து கேமராவைத் தூக்கினார்.

“கீழ இறக்குங்க,” என்றேன்.

சுற்றின்போது எழுதிக் கொடுக்காத ஒன்றை நான் பேசியது அதுதான் முதல்முறை. இறக்கினார்.

வெர்னன் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. நல்ல மனிதர், எப்போதும் உயர்த்தமாட்டார்.

“லொரிண்டா, உங்க ஜனங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். அவங்கள நீங்களே மேல கூப்பிடுறீங்களா, இல்ல நாளையிலேருந்து உங்க எடத்துக்கு வேற ஆள் பாத்துக்கட்டுமா?”