சிலாஸுக்கு ஒரு வழியனுப்பு விழா

பாதை போடும் இலாகாவையும் பாலம் கட்டும் இலாகாவையும் ஒன்றாய்ச் சேர்த்துவிடலாம் என்று எந்த மகாராசனுக்குத் தோன்றியதோ, நிஜாம் சர்க்காரில் 1937-ல் அப்படி ஓர் உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்கள் மாடியில் நாற்காலி மாறாமல் உட்கார்ந்திருக்க, கீழே மேஜையில் படம் வரைகிறவர்கள்தான் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

சிலாஸ் பால இலாகாவில் டிராப்ட்ஸ்மேன். இரண்டு இலாகாவும் சேர்ந்ததும் டிராப்ட்ஸ்மேன்கள் அதிகமாகிவிட்டார்கள், ஒருவர் அதிலாபாத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். கடைசியாக வேலைக்கு வந்தவரைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பது சர்க்காரே எழுதிவைத்த விதி. கடைசியாக வந்தவன் புருஷோத்தமன். அவன் சாயங்காலத்தில் நாஜிமோடு, அதாவது இலாகாத் தலைவரோடு, டென்னிஸ் ஆடுகிறவன். அவனை அனுப்பிவிட்டால் நாஜிம் யாரோடு பந்தடிப்பார்? உத்தரவு சிலாஸ் பேருக்கு வந்தது.

வேறு சமயமாக இருந்தால் சிலாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். இப்போது அவர் மனைவி பியூலாவுக்கு ஆறு மாதம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் பிறந்த கையோடு தவறிப்போயிருந்தன. இந்த முறை ஊரைவிட்டு அசையக்கூடாது, பேறுகாலம் வரை தன் கண்பார்வையிலேயே இருக்கவேண்டும் என்று சிகந்தராபாத் டாக்டரம்மா கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தாள். அதிலாபாத் காடோ குளிர்க்காய்ச்சலுக்குப் பேர்போனது. கூட்டிப்போகவும் முடியாது, சிகந்தராபாத்தை ஒட்டிய போலாரம் வீட்டில் விட்டுப்போனால் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. உறவெல்லாம் திருநெல்வேலிப் பக்கம் இருந்தது.

பிரசவம் முடிகிற வரைக்குமாவது விட்டுவையுங்கள் என்று சிலாஸ் நாஜிமிடம் கேட்டார்.

"உன் பெண்டாட்டி பிள்ளை பெறுவது இலாகாவின் வேலையா?" என்றார் நாஜிம், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அந்த வார்த்தைதான் சிலாஸைக் கோர்ட்டுக்குத் துரத்தியது. வக்கீல் அப்துல் ரஹீம் மனுவைத் தாக்கல் செய்தார். விதி நம் பக்கம் இருக்கிறது, தீர்ப்பு வரும்வரை நீங்கள் மாற்றலுக்குச் சம்மதித்ததாக எதிலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்தார். சிலாஸ் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கழுத்தைக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றலாகிப் போகிறவர் யாரானாலும் ஒரு டீ, இரண்டு சமோசா, ஒரு ரோஜா மாலை, வாசற்படியில் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. ஹெட் கிளார்க் ஜம்புநாதன் இதில் குறை வைக்கவே மாட்டார். சிலாஸ் மேல் அவருக்கு உண்மையாகவே பிரியம்.

"நக்கோ ஸார். நான்தான் போகவே இல்லையே, கேஸ் நடக்குது" என்று மறுத்தார் சிலாஸ்.

"கேஸ் பாட்டுக்கு நடக்கட்டும். எதுக்கு இப்படிக் கோச்சுக்கறேள்? பூ வாங்கியாச்சு, போட்டோக்காரன் வந்து நிக்கறான். எங்க மனசுக்காக ஒக்காருங்கோ ஸார்."

சண்டை நாஜிமோடு, இவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்தார் சிலாஸ். நீட்டிய மாலையைத் தட்டிவிட அவருக்குக் கை வரவில்லை. தலையைக் குனிந்தார். நாஜிமும் இறங்கிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னதும் எல்லோரோடும் சேர்ந்து சிலாஸும் சிரித்துவைத்தார். பேசச் சொன்னபோது, எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். எங்கே போனாலும் உங்கள் அன்பை மறக்கமாட்டேன் என்றார்.

விசாரணையில் இலாகாவின் வக்கீல் விதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் போட்டோவை எடுத்து ஜட்ஜ் முன்னால் வைத்தார். "மனமில்லாமல் போகிறவர் முகமா இது, ஹுசூர்? மாலை போட்டுக்கொண்டார், சிரித்தார், நன்றி சொன்னார். சம்மதித்துவிட்டு இப்போது வழக்காடுகிறார்."

பின்வரிசையில் ஜம்புநாதன் இருந்தார். நாங்கள்தான் வற்புறுத்தினோம் என்று எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிலாஸ் திரும்பி அவரையே பார்த்தார். ஜம்புநாதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதம் இல்லையென்றால் மாலையை ஏன் வாங்கிக்கொண்டீர்?" என்று ஜட்ஜ் உருதுவில் கேட்டார்.

சிலாஸும் உருதுவிலேயே பதில் சொன்னார். "செத்தவனுக்கும்தான் மாலை போடுகிறோம், ஹுசூர். அவன் சந்தோஷமாகச் சம்மதித்துப் போனான் என்று யாராவது சொல்கிறார்களா?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிலாஸ் சிரிப்பதற்காக அதைச் சொல்லவில்லை. சிரித்து முடித்த ஜட்ஜ், நன்றாகச் சொன்னீர், ஆனாலும் சம்மதம் சம்மதம்தான் என்று மனுவைத் தள்ளிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். எழுதிவைத்த விதி ஒரு முழம் பூவுக்குக் கீழே நசுங்கிப்போயிற்று.

வாசலில் ஜம்புநாதன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நான் எழுந்து பேசியிருந்தா அடுத்த ஆர்டர் எனக்குத்தான் ஸார். பிள்ளைகுட்டிக்காரன், மன்னிச்சுடுங்கோ."

"எனக்கும் ஒரு பிள்ளை பொறக்கணுமே ஸார்" என்று சிலாஸ் கையை விடுவித்துக்கொண்டார்.

அங்கேயே வக்கீலிடம் காகிதம் வாங்கி, வேலையை விடுகிறேன் என்று எழுதினார். அவசரப்படாதீர்கள், பென்ஷன் போய்விடும் என்று அப்துல் ரஹீம் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். சிலாஸ் அதைக் கோர்ட்டுக்கு வந்திருந்த ஆபீஸ் பியூன் கையில் கொடுத்துவிட்டுப் போலாரம் ரயிலேறினார்.

பியூலா வாசலிலேயே நின்றிருந்தாள். "எப்போ கெளம்பணுமாம்?"

"நான் எங்கயும் போகல. உன்கூடத்தான் இருக்கப்போறேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்போ வேலை?"

"விட்டுட்டேன்."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். மாலையைச் சொன்னார், கோர்ட்டு சிரித்ததையும் சொன்னார். ஜெபக் கூட்டத்தில்கூட வாய்க்குள்ளேயே பாடுகிறவள் பியூலா. அக்கம்பக்கத்தார் அவள் குரலைச் சரியாகக் கேட்டதில்லை. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள்.

"மாலையைப் போட்டு ஒரு குடும்பத்தையே கழுத்தறுத்தானுவளே, விளங்குவானுவளா அவனுவ? நல்லா இருப்பானுவளா?"

ஜன்னல்கள் திறந்தன. சிலாஸ் அவளை அடக்கப் போகவில்லை. காலையிலிருந்து அந்த ஊரில் ஒருவர்கூடச் சொல்லாததை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.