அடைப்பு நேரம்

வெள்ளைத்துரையின் கால்கள் முதன்முதலில் மறைந்தபோது அங்கே இருந்தவர்கள்: மனைவி அய்யம்மாள், மகள் சுகிர்தா, நலம் விசாரிக்க வந்த பட்டாசு ஆலை போர்மேன் ஆண்டிச்சாமி, அவர் வாங்கி வந்த காராச்சேவை மோப்பம் பிடித்து வந்த தெருநாய். மாலை ஆறு மணி. வேட்டிக்குக் கீழே செருப்பு மட்டும் கிடந்தது. கால்கள் இருந்த இடத்தின் வழியாக நாய் நடந்து போனது.

“என்னண்ணே, கால எங்கன போட்டீக?” என்றார் ஆண்டிச்சாமி, காராச்சேவை மென்றுகொண்டே.

“உள்ள இந்நேரம் எண்ணி அடைச்சிருவாக,” என்றார் வெள்ளைத்துரை.

வரப்புத் தகராறில் ஒருவனை வெட்டிக் கொன்று இருபது வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். கொன்றதை அவர் மறுத்ததில்லை. அங்கே தினமும் சாயங்காலம் தலையை எண்ணி, உள்ளே அனுப்பி, இரும்புக் கதவைப் பூட்டினார்கள். தாயில்பட்டிக்குத் திரும்பிய பிறகு எண்ணவும் ஆளில்லை, பூட்டவும் ஆளில்லை. யாராவது போகச் சொல்லும்வரை வாசற்படியிலேயே நின்றார். சாயங்காலமானால் உடம்பு மறைந்தது, விடிந்ததும் திரும்பியது. ஆடியில் இடுப்பு வரை போனது, ஆவணியில் நெஞ்சு வரை. ஆண்டிச்சாமி இரக்கப்பட்டு ஆலையில் வேலை கொடுத்தார். அங்கே அறையின் எல்லாக் கதவுகளும் விரியத் திறந்திருந்ததால் மத்தியானத்துக்குள் கைகள் காணாமல் போயின. “கையில்லாம வெடிமருந்த எப்பிடிண்ணே அள்ளுவீக? சீசன் நேரம், கோவிச்சுக்காதீக,” என்று அனுப்பிவிட்டார். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டார்கள். முடி வளர்ந்தது, கால் வளரவில்லை. அரசு மருத்துவமனையில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். உடம்பில்லாமலே நன்றாகத் தூங்கினார்.

மருந்து அவருக்கே தெரியும். “வெளிய பூட்டு போடு அய்யம்மா, சரியாயிரும்,” என்று கெஞ்சினார். அவள் மாட்டேன் என்றாள். பட்டாசு அறைக்குள் ஆள் இருக்கும்போது கதவைச் சாத்தக்கூடாது என்று பழகிய கை அவளுடையது. அவள் தங்கை செல்வலட்சுமி, சோதனைக்கு வருபவர்கள் ஆளில்லை என்று நினைக்கட்டும் என வெளியே பூட்டிய ஒரு வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் கருகிப்போனாள். பூட்டை உடைத்துத்தான் எடுத்தார்கள். அதன்பின் அய்யம்மாள் வீட்டில் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. வேலைக்குப் போகும்போது கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போவாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கழுத்தும் மறைந்தது. தலையணைமேல் முகம் மட்டும் சலித்துப்போய்க் கிடந்தது. மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் உடம்பு வந்தது, அதுவும் அரைகுறையாக. காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் சுகிர்தா, மை சரியாக விழாத சாமிப் படம்போல் அப்பா இருப்பதைப் பார்த்தாள். சாயங்காலம் புதுப் பூட்டும் தாழ்ப்பாளும் வாங்கிவந்து, உள்ளறைக் கதவில் தாழ்ப்பாளை அடித்தாள்.

“எம்மா, இன்னைக்கு மொகமும் போயிரும். பெறகு யாரப் பிடிச்சு வையுவ?”

அய்யம்மாள் உள்ளறையிலிருந்த தீப்பெட்டி, விளக்கு, ஸ்டவ் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து வைத்தாள். மூலை மூலையாக மோந்து பார்த்தாள். பிறகு புருஷனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனவள் திரும்பி வரவில்லை. பாயில், கால்கள் மறைந்துகொண்டிருந்த அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வெளிய நின்னு பூட்ட என்னால ஆகாது. நானும் உள்ள இருக்கேன். நீ பூட்டு.”

“ஏய், நீ என்னடி தப்பு செஞ்ச?” என்றார் வெள்ளைத்துரை.

“உமக்கு வாக்கப்பட்டேன்ல.”

பின்னாளில் அந்தத் தெருவில் பூட்டுச் சத்தம் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. அன்றுதான் முதல் நாள். சுகிர்தா அறை வாசலில் நின்று இருவரையும் விரல் நீட்டி எண்ணினாள். “ரெண்டு பேரு. கணக்குச் சரி. காலையில தொறப்பேன், அதுவரைக்கும் சண்ட போடாதீக,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பாயின் நுனியில் முதலில் அவருடைய கால் கட்டைவிரல் ஒன்று திரும்பத் தெரிவதை அய்யம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெளியே சாவி இரண்டு முறை திரும்பியது.