கண்ணாடிக் கதவின் கீழ்மூலை

பீ-யுன் தகட்டின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். பிசிறு இல்லை. திருகுகளைப் பத்து முறை கழற்றி மாட்டினாள். மரை தேயவில்லை. தூசியைத் தடுக்கும் வலை வழுக்கிக்கொண்டு வந்தது, வழுக்கிக்கொண்டு போனது. தைவானின் தாவ்யுவான் நகரில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் பதினேழு வருடங்களாகக் கம்ப்யூட்டர் கேபினெட்டுகளைத் தட்டியும் உலுக்கியும் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. இத்தனை அழகான பெட்டி அவள் மேசைக்கு வந்ததில்லை.

அதை வரைந்த ரூ-ஷின் பக்கத்திலேயே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைவிட எட்டு வயது இளையவள். தொழிற்சாலையில் பீ-யுனுக்கு இருந்த ஒரே சிநேகிதி. இது அவளுடைய முதல் வடிவமைப்பு.

"இன்னுமா முடியலக்கா? மூணு மணிக்குப் பெட்டிய வாங்குற ஜப்பான்காரங்க வந்துடுவாங்க."

"கதவு மட்டும்தான் பாக்கி."

பக்கவாட்டு முழுவதும் ஒரே கண்ணாடிக் கதவு. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே மேலே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. கீழ்மூலையில் ஒன்றுதான். பீ-யுன் ஒரு அட்டைத் துண்டை மடித்துப் பின்காலுக்கு அடியில் செருகினாள். பெட்டி லேசாக முறுக்கிக்கொண்டது. கீழே இருந்த இடைவெளி காணாமல் போயிற்று. கண்ணாடியின் முனை இரும்பில் முட்டி நின்றது.

"அட்டைய யாருக்கா அடியில வைப்பாங்க?"

"எங்க வீட்டுத் தரையே இப்படித்தான் இருக்கு. தகடு மெலிசுடி. மூலையில அடி பட்டா மொத்தக் கண்ணாடியும் போயிடும்."

ரூ-ஷின் குரலைத் தாழ்த்தினாள். "நான் கனமான தகடுதான் கேட்டேன். மேனேஜர்தான் இதுவே போதும்னுட்டாரு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் தூ உள்ளே வந்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடல சார். கதவு தட்டுது."

"உடைஞ்சுதா?"

"இனிமேதான் பாக்கணும்."

"நகருங்க, நானே மூடிக் காட்டுறேன்." அவர் பெட்டியின் முன்னால் குந்தினார். பீ-யுன் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முதல்ல கையுறை போட்டுக்குங்க. கண்ணுக்கும் மாட்டிக்குங்க."

"இது என்ன பெட்டியா, பட்டாசா?"

அவள் கையுறையையும் பாதுகாப்புக் கண்ணாடியையும் நீட்டியபடியே நின்றாள். அவர் சலித்துக்கொண்டு இரண்டையும் மாட்டிக்கொண்டார்.

ஒரு முறை மூடினார். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து முறை. ஒன்பது முறை. ரூ-ஷின் விட்ட மூச்சு பீ-யுனுக்குக் கேட்டது. தான்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று குனிந்து அந்தக் கீழ்மூலையை மறுபடி பார்த்தாள். மேனேஜர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"போதுமா? போடுங்க."

பேனாவை எடுத்தவள் மூடியைத் திறக்கவில்லை. "இன்னும் பத்து தடவை சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. வந்த கோபத்தில் கதவை ஓங்கிச் சாத்தினார்.

அந்தச் சத்தத்தில் அடுத்த அறையில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. தரையெல்லாம் கற்கண்டு கொட்டியதுபோல் சில்லுகள். மேனேஜர் குந்திய நிலையிலேயே இருந்தார். கண்களுக்கு முன்னாலிருந்த பிளாஸ்டிக்கில் நீளமாக ஒரு கீறல். கையுறைக்கு மேலே, முழங்கையருகில் ரத்தம் கசிந்தது. 

பிறகு அவர் கண்ணிலிருந்ததைக் கழற்றிக் கீறலைத் தடவிப் பார்த்தார்.

"வர்றவங்களுக்கு டீ குடுத்து உக்கார வைங்க," என்றார் மெதுவாக. "பெட்டி தயாரா இல்லைன்னு நானே சொல்லிக்கிறேன்."

அவர் போனதும் ரூ-ஷின் திரும்பினாள். "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து எனக்கே தெரியாதே."

"உங்களுக்கென்ன, உங்க பேரா போச்சு?"

ஜப்பான்காரர்கள் அந்தப் பருவத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கனமான தகடும் தடித்த ரப்பர் வளையங்களுமாகப் பெட்டி கடைக்கு வர நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதமும் ரூ-ஷின் அவளிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. செய்ததற்காகப் பீ-யுன் வருந்தவில்லை. ஆனால் தொழிற்சாலை அவளுக்கு வெறிச்சென்று இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை, அவள் மழைக்கு ஒதுங்கி ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. ரூ-ஷின் ஒரு புதுப் பெட்டியின் வரைபடத்தை அனுப்பியிருந்தாள். இன்னும் யாருக்கும் காட்டவில்லையாம். 'திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்கக்கா' என்று கீழே எழுதியிருந்தது.

பீ-யுன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு தப்பு கண்ணில் பட்டது. எதை முதலில் சொல்வது என்று யோசித்தபடி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.